நர்ஸ் வேலையிலிருந்து ஆயர் பணிக்கு: ஒரு சேலம் வாசகிக்குப் பதில்

கேள்வி:

"அன்புள்ள அம்மா, நான் ஏற்காட்டில் பிறந்தவள். அப்பா காபி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தார். எனக்கு 37 வயது. பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பையன் எட்டாவது படிக்கிறான். சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். நைட் டியூட்டியில் எந்த மதத்துக்காரராக இருந்தாலும், 'சிஸ்டர், கொஞ்சம் பக்கத்துல உக்காருங்க' என்று கூப்பிடுகிறார்கள். ஆயர் ஊழியத்துக்கு வர வேண்டும் என்ற எண்ணம் ரொம்ப நாளாக இருக்கிறது. வயது தாண்டிவிட்டது என்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தங்கை ஒரு திருநங்கை. பல வருடம் கழித்து, போன கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்தாள். அவள் உட்கார்ந்த பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். அவளும் வந்து உட்காரக்கூடிய சபையில்தான் நான் ஊழியம் செய்ய வேண்டும். வெளிநாட்டுப் பிரஸ்பிட்டேரியன் சபைகளில் எல்லோரையும் ஏற்றுக்கொள்கிறார்களாமே? அங்கே போய்ப் படித்துவிடலாமா? இங்கேயே முயற்சி செய்தால், தேர்வுக் கமிட்டி முன்னால் தங்கையைப் பற்றிச் சொல்லலாமா, மறைத்துவிடலாமா?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வயது விஷயம். ஆயர் பணிக்கு ஆள் எடுக்கும்போது வயது வரம்பு வைப்பது அந்தந்தத் திருமண்டலம், அதாவது ஒரு பேராயரின் கீழ் வரும் சபைகளின் வட்டாரம். ஒரு திருமண்டலத்தின் விதி பக்கத்துத் திருமண்டலத்துக்குப் பொருந்தாது. முழுநேரப் பணிக்கு ஒரு வரம்பு, சம்பளம் இல்லாத கௌரவ ஆயர் பணிக்கு வேறு வரம்பு என்றும் இருக்கலாம். 'தாண்டிவிட்டது' என்று சொன்னவர் ஆலய வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்லியிருப்பார். உங்கள் திருமண்டல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அதுவரை இந்தக் கவலையை ஒதுக்கி வையுங்கள்.

உங்கள் கேள்வியில் பெரிய விஷயம் வெளிநாடுதான், அதனால் அதை விரிவாகவே சொல்கிறேன். பிரஸ்பிட்டேரியன் என்று பலகை மாட்டிய சபைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவிலேயே பி.சி.ஏ. என்றொரு பிரஸ்பிட்டேரியன் சபை இருக்கிறது. அங்கே இன்று வரை பெண்களுக்குக் குருப்பட்டம், அதாவது ஆயராக ஏற்படுத்தப்படும் உரிமை, கிடையாது. நீங்கள் கேள்விப்பட்டது பி.சி.யு.எஸ்.ஏ. என்ற இன்னொரு சபையைப் பற்றியதாக இருக்கும். அங்கே பெண்கள், திருநர்கள், தன்பாலின ஈர்ப்பாளர்கள் என எல்லோரும் ஆயர்களாக இருக்கிறார்கள். ஸ்காட்லாந்து திருச்சபை 1968இல் பெண்களுக்குக் குருப்பட்டத்தைத் திறந்துவிட்டது. விருப்பப்படும் ஆயர்கள் தன்பாலினத் திருமணங்களை நடத்தலாம் என்று 2022இல் அனுமதித்தது. கனடாவின் பிரஸ்பிட்டேரியன் சபையும் 2021இல் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்குக் கதவைத் திறந்தது. ஆக, நீங்கள் கேள்விப்பட்டது வதந்தி இல்லை.

ஆனால் அந்தச் சபைகளில் ஒருவர் எப்படி ஆயர் ஆகிறார் என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் திட்டம் கொஞ்சம் மாறலாம். அங்கே பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையையும் மூப்பர் குழு நடத்துகிறது. ஒரு வட்டாரத்துச் சபைகளின் ஆயர்களும் மூப்பர்களும் சேர்ந்து கூடுகிற மன்றத்துக்குப் பிரஸ்பிட்டரி என்று பெயர். பி.சி.யு.எஸ்.ஏ.வில் ஊழியத்துக்கு வர நினைப்பவர் முதலில் ஏதாவது ஒரு உள்ளூர்ச் சபையில் குறைந்தது ஆறு மாதம் உறுப்பினராக இருந்து பழகியிருக்க வேண்டும். அந்தச் சபையின் மூப்பர் குழு 'இவரை எங்களுக்குத் தெரியும்' என்று பரிந்துரைக்க வேண்டும். அதன் பிறகு பிரஸ்பிட்டரியின் பராமரிப்பில் குறைந்தது இரண்டு வருடம். நடுவில் மூன்று வருட இறையியல் படிப்பு, வேதாகமம், இறையியல், வழிபாடு, சபை ஒழுங்கு என்று தேர்வுகள். இத்தனையும் முடித்த பிறகும் குருப்பட்டம் தானாக வந்துவிடாது. ஒரு சபையோ, மருத்துவமனையோ, பிரஸ்பிட்டரி ஒப்புக்கொள்கிற வேறொரு பணியோ 'எங்களுக்கு நீங்கள் வேண்டும்' என்று கூப்பிட வேண்டும். கூப்பிட ஆள் இல்லையென்றால் படித்த படிப்பு கையில் இருக்கும், குருப்பட்டம் இருக்காது.

மனதுக்குள் இருக்கிற அழைப்பு பாதிதான், வெளியே ஒரு கூட்டம் மனிதர்கள் கூப்பிடுவது மீதிப் பாதி என்பது அவர்கள் கணக்கு. சேலத்திலிருந்து நேரே ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்து, விமானம் ஏறிப் போய், பட்டத்தோடு இறங்குகிற வழி அங்கே இல்லை. அங்கே போனாலும் ஏதோ ஒரு ஊரில், உங்களை யாரென்றே தெரியாத ஒரு சபையின் பெஞ்சில் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். விசா, கல்விக் கட்டணம், பையனின் பத்தாம் வகுப்பு எல்லாம் தனி.

அந்தச் சபைகள் இன்று இருக்கிற நிலைக்கு எப்படி வந்தன என்பதையும் பாருங்கள். மார்கரெட் டவுனர் என்ற அம்மா மருத்துவமனைப் புகைப்படக்காரராக வேலை பார்த்தவர். பிறகு சபையில் கிறிஸ்தவக் கல்விப் பொறுப்புக்கு வந்து, 1956 அக்டோபரில், பி.சி.யு.எஸ்.ஏ.வின் முன்னோடிச் சபையில் ஆயராகக் குருப்பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். ஞாயிறு பள்ளி எடுக்கும் நர்ஸான உங்களுக்கு அவர் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

எரின் ஸ்வென்சன் வந்த வழி வேறு. 1973இல் ஆணாகக் குருப்பட்டம் பெற்று, குடும்ப ஆலோசகராக வேலை செய்தவர் அவர். இருபது வருடங்களுக்கு மேல் கழித்து, தான் பெண் என்று வெளிப்படையாக வாழத் தொடங்கியபோது, பட்டத்தைப் பறிப்பதா வேண்டாமா என்ற கேள்வி அட்லாண்டா வட்டாரப் பிரஸ்பிட்டரியின் முன் வந்தது. 1996இல் வாக்கெடுப்பு. 186 பேர் பட்டம் தொடரட்டும் என்றார்கள், 161 பேர் கூடாது என்றார்கள். அந்த 161 பேரும் மறுநாளிலிருந்து அவருடைய சக ஊழியர்கள்தான். பரந்த மனம் கொண்ட சபை என்று தூரத்திலிருந்து நாம் நினைக்கிற இடத்திலும் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்காட் ஆண்டர்சன் என்று ஒருவர். கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோவில் ஆயராக இருந்தார். அவர் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதைச் சிலர் சபையில் போட்டு உடைக்க, 1990இல் பணியை விட்டு விலகினார். ஊழியத்தை விட்டு ஓடிவிடவில்லை. திருச்சபைகளின் கூட்டமைப்புகளில் நிர்வாகியாக வேலை செய்தார். தன்பாலின ஈர்ப்பாளர்களுக்குப் பட்டம் கூடாது என்று 1978இல் சபை வெளியிட்ட வழிகாட்டுதல் 2008இல் நீங்கியது, 1997இல் விதிப் புத்தகத்தில் ஏறிய தடை 2011இல் நீங்கியது. 2011 அக்டோபரிலேயே விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் அவருக்கு மறுபடியும் குருப்பட்டம் தந்தார்கள். இருபத்தொரு வருடம். தன்பாலின ஈர்ப்பாளரான ஜேனி ஸ்பார் என்ற பெண் ஆயரை 1991இல் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் ஒரு சபை கூப்பிட்டது. அடுத்த வருடம் சபையின் மேல் நீதிமன்றம் அந்த அழைப்பை ரத்து செய்தது. அந்தச் சபைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 'ஆயராக வரக் கூடாதென்றால் நற்செய்திப் பணியாளராக ஊர் ஊராகப் போங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று அனுப்பி வைத்தார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் பெரிய ஆள் ஸ்பார் இல்லை, ராச்செஸ்டர் சபைதான்.

இதையெல்லாம் உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. இவர்களில் எவரும் ஒருவர் போன வழியில் மற்றவர் போகவில்லை. வந்த வழி வேறாக இருந்தாலும், ஒவ்வொருவருக்கும் பின்னால் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு கூட்டம் இருந்தது. உங்களைக் கூப்பிடுகிற கூட்டம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். உங்கள் கடிதத்தில் அது இருக்கிறது: நைட் டியூட்டி வார்டு.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். சேலத்தில் லண்டன் மிஷன் 1827இல் வேலை தொடங்கியது. அது பேராயர்கள் இல்லாத, சபையே முடிவெடுக்கிற மரபு. 1908இல் அந்த மரபும், ஸ்காட்லாந்து மிஷன், ஆற்காடு மிஷன் வழியாக வந்த பிரஸ்பிட்டேரியன் மரபும் தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்தன. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் சபைகளும் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனது. எனவே நீங்கள் அமெரிக்காவில் தேடுகிற பிரஸ்பிட்டேரியன் வழக்கத்தில் கொஞ்சம் உங்கள் ஆலயத்துக் கமிட்டி அறையிலேயே இருக்கிறது. பேராயர் இருக்கிறார், உண்மைதான். ஆனால் இறையியல் படிப்புக்கு ஒருவரை அனுப்ப வேண்டுமென்றால் முதல் பரிந்துரை உங்கள் ஆயரும், அவர் பொறுப்பில் இருக்கிற சபைகளை நிர்வகிக்கிற குருசேகரக் கமிட்டியும் தருவதுதான். வருடம் முழுக்கச் சமாதானமாக இருந்துவிட்டுத் தேர்தல் வந்தால் அடித்துக்கொள்கிற அதே கமிட்டிதான். நமக்கு வாய்த்தது அதுதான், அதன் வழியாகத்தான் போயாக வேண்டும்.

பெண் என்பதால் சட்டத்தில் தடை இல்லை. சி.எஸ்.ஐ.யில் பெண்களுக்குக் குருப்பட்டம் 1970களிலேயே தொடங்கிவிட்டது. 2013 செப்டம்பரில் புஷ்ப லலிதா அம்மையார் நந்தியால் பேராயர் ஆனார். ஆனால் சட்டம் ஒரு பக்கம், நடைமுறை ஒரு பக்கம். நான் குருசேகரத்தில் ஆயராக இருந்த காலத்தில் புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால், கதவைத் திறப்பவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். 'ஐயா வண்டிய நிறுத்திட்டு வர்றாருங்களா?' என்பார். நான்தான் ஆயர் என்று சொன்னதும் உள்ளே போய்ப் புடவையைச் சரிசெய்துகொண்டு வந்து, எனக்குக் காபி கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு மட்டும் பக்கத்துச் சபை ஐயாவை வரச்சொல்ல முடியுமா என்று மெதுவாகக் கேட்பார்.

மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு அடக்க ஆராதனை ஞாபகம் வருகிறது. வண்டி போகிற பாதை முடிந்து, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் பெட்டியைத் தோளில் சுமந்து இறங்க வேண்டும். முந்தின இரவு மழை. கல்லறை வரைக்கும் பெண் வரலாமா என்று பெரியவர்கள் நாலு பேர் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இறந்தவரின் மனைவி வாசலில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "கீழ ஆஸ்பத்திரியில கடைசி வாரம் கூட இருந்தது அவங்கதானுங்க. அவங்களே மண்ணு போடட்டும்." அதற்குமேல் யாரும் பேசவில்லை. ஒருவர் தன் கைத்தடியை என்னிடம் நீட்டினார், சரிவில் வழுக்கும் என்று.

நடைமுறையில் உங்களுக்குப் பெரிய தடையாக நான் நினைப்பது வயதும் இல்லை, தங்கையும் இல்லை. பட்டறைதான். முழுநேர ஆயருக்குச் சில வருடத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். ஆண் ஆயருக்கு மாற்றம் வந்தால் மனைவியும் பிள்ளைகளும் சாமான்களோடு கிளம்பிவிடுவார்கள், யாரும் கேள்வி கேட்பதில்லை. உங்களுக்கு மாற்றம் வந்தால்? கொலுசுப் பட்டறை என்பது பெட்டியில் கட்டி எடுத்துப் போகிற சாமான் இல்லை. வெள்ளி கொடுக்கிற வியாபாரி, பற்றவைக்கிறவர், சலங்கை கோக்கிற வீட்டுப் பெண்கள் என்று அந்தத் தொழில் நிற்பதே சேலத்து மனிதர்களை நம்பித்தான். ஈரோட்டுக்கோ வேறு ஊருக்கோ மாற்றல் ஆனால் உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்வார் என்று அவரிடம் உட்கார்ந்து பேசினீர்களா? கடிதத்தில் அவர் தொழிலைச் சொன்னீர்கள், அவர் என்ன நினைக்கிறார் என்று சொல்லவில்லை. அப்ளிகேஷன் போடுவதற்கு முன்னால் இந்தப் பேச்சு நடக்க வேண்டும். 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று முடிக்கிற பேச்சாக இல்லாமல், வரவு செலவு நோட்டை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சாக இருக்கட்டும்.

அதனால்தான் கௌரவ ஆயர் பணியைப் பற்றி யோசிக்கச் சொல்கிறேன். சொந்த வேலையில் இருந்துகொண்டே இறையியல் படித்து, குருப்பட்டம் பெற்று, சம்பளம் இல்லாமல் உள்ளூரில் ஊழியம் செய்கிறவர்கள் சி.எஸ்.ஐ.யில் இருக்கிறார்கள். பேராசிரியர்கள், வங்கி அதிகாரிகள் என்று பெரும்பாலும் ஆண்கள்தான் இந்த வழியில் வந்திருக்கிறார்கள். நர்ஸ் வரக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கூடாரம் தைத்துச் சம்பாதித்துக்கொண்டே ஊழியம் செய்த பவுலை உதாரணம் காட்டினால் எந்தக் கமிட்டியும் மறுத்துப் பேச முடியாது. அமெரிக்கச் சபைகளிலும் முழுச் சம்பளம் கொடுக்க முடியாத சிறு சபைகள் ஏராளம். மூப்பர் ஒருவருக்கே பயிற்சி கொடுத்து, பிரஸ்பிட்டரியின் ஆணையோடு அவரையே சபை நடத்தச் சொல்கிற ஏற்பாடு அங்கே உண்டு.

ஒன்று மட்டும் கவனம். 'கௌரவம்' என்ற பேரில் வேலையை எல்லாம் வாங்கிக்கொண்டு பட்டத்தைத் தள்ளிப்போடுகிற வழக்கமும் இருக்கிறது, முக்கியமாகப் பெண்களிடம். "நீங்கதான் ஏற்கெனவே ஊழியம் செய்றீங்களே, பட்டம் எதுக்கு?" என்று யாராவது பாசமாகக் கேட்டால், உருகிவிடாதீர்கள். திருவிருந்து கொடுக்கவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் பட்டம் வேண்டும் என்று சொல்லுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் திருவிருந்து கேட்கும்போது வேறு ஆளுக்குப் போன் போட்டுக் காத்திருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

படிப்பைப் பற்றி. முழுநேரமாகப் போவதானால், இறையியல் கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்குகிற செராம்பூர் செனட்டின் பி.டி. (இளங்கலை இறையியல்) பட்டம்தான் நம் சபைகள் ஒப்புக்கொள்வது. மதுரை அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தமிழிலேயே படிக்கலாம். பெங்களூரு யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜில் ஆங்கிலம். வேலையை விடாமல் படிப்பதானால், செராம்பூரின் தொலைவழிப் படிப்புகள் பொதுமக்களுக்காகவே இருக்கின்றன. அதை முடித்தால் உடனே பட்டம் என்று அர்த்தமில்லை, ஆனால் தேர்வுக் கமிட்டி முன்னால் வெறுங்கையோடு நிற்க மாட்டீர்கள். அப்புறம், மாடி போர்ஷனில் பலகை மாட்டி ஆறு மாதத்தில் 'டாக்டர்' பட்டம் கொடுக்கிற கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

உங்களுக்கென்றே அமைந்த ஒரு படிப்பு வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது. நோயாளிகளுக்கான ஆன்மிகப் பராமரிப்புப் பயிற்சி, சி.பி.இ. என்பார்கள். வார்டில் ஒரு நோயாளியோடு நடந்த உரையாடலை வீட்டுக்கு வந்து வரிக்கு வரி எழுத வேண்டும். மறுநாள் குழுவில் அதைப் படிப்பார்கள். 'அவர் மகனைப் பற்றிச் சொல்ல வந்தார், நீங்கள் ஏன் சங்கீதம் வாசிக்கத் தொடங்கிவிட்டீர்கள்?' என்று கேட்பார்கள். நன்றாகப் பிரசங்கம் பண்ணுகிறவர்கள்கூட அங்கே விழி பிதுங்குவார்கள். பல வருடம் நைட் டியூட்டி பார்த்தவர்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். பி.சி.யு.எஸ்.ஏ.வில் பல பிரஸ்பிட்டரிகள் இந்தப் பயிற்சி இல்லாமல் ஆளை ஏற்பதில்லை. சேலத்திலிருந்து காட்பாடி ரயிலில் சில மணி நேரம்தான். மருத்துவமனையில் லீவு கேட்டுப் பாருங்கள், பணிக்கும் பயன்படும் பயிற்சி என்று சொல்லியே கேட்கலாம்.

இனி தங்கை. அவளைப் பற்றிச் சொல்வதா மறைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை முதலில் அவளிடம் கேளுங்கள். அவளுடைய வாழ்க்கையை ஒரு கமிட்டி முன்னால் எடுத்து வைக்க உங்களுக்கு அவள் அனுமதி வேண்டும். அவள் 'வேண்டாம் அக்கா' என்றால் அதுதான் பதில். சரி என்றால், மறைக்காதீர்கள். குடும்பத்தைப் பற்றிக் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். அப்போது இப்படிச் சொல்லுங்கள்: "உடன்பிறந்தது ஒரு தங்கை. அவள் திருநங்கை. சேலத்தில்தான் இருக்கிறாள்." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். சின்ன வயதிலிருந்தே அப்படி, டாக்டர் இப்படிச் சொன்னார், வேதத்தில் அண்ணகரை (ஆண்மை நீக்கப்பட்டவர்களை) பற்றி ஏசாயா 56இல் இருக்கிறது என்றெல்லாம் நீங்களாகத் தொடங்கினால், மன்னிப்புக் கேட்கிற குரல் வந்துவிடும். மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். யாராவது செருமுவார்கள், யாராவது தண்ணீர் குடிப்பார்கள். அந்த மௌனத்தை நிரப்புவது உங்கள் வேலை இல்லை. மேற்கொண்டு கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வீட்டில் கண்ணாடி முன்னால் ஒரு தடவை சொல்லிப் பழகிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சபைக்குள் அவள் நிலை என்ன? குழந்தையில் ஞானஸ்நானமும், வளர்ந்த பிறகு விசுவாசத்தை உறுதி செய்கிற திடப்படுத்தலும் பெற்றிருந்தால் அவள் திருவிருந்தில் பங்குள்ள உறுப்பினர். பெயர் மாறியதால், உடை மாறியதால் அது போய்விடாது. மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், நம் சபையில் ஞானஸ்நானம் ஒரு முறைதான். 2019ஆம் வருடச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தருகிற அடையாளச் சான்றிதழ் அவளிடம் இருந்தால், சபைப் பதிவேட்டில் புதுப் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொல்லி ஆயரிடம் எழுதிக் கொடுக்கலாம். பதிவேட்டில் ஏறும்வரை காத்திருக்காமல், ஆராதனை முடிந்ததும் அவளை அந்தப் பெயரில் கூப்பிட ஆயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஆயர் நாலு பேர் முன்னால் பெயர் சொல்லி 'வாம்மா' என்று கூப்பிட்டால், பெஞ்சிலிருந்து எழுந்து போனவர்களில் சிலராவது திரும்பி வந்து உட்காருவார்கள்.

விசேஷ ஜெபத்துக்குக் கூட்டிப்போனால் 'மாறிவிடும்' என்று சொல்கிறவர்களும் வருவார்கள். மருத்துவ சிகிச்சை என்ற பெயரில் பாலினத்தையோ ஈர்ப்பையோ மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை செய்தது. அப்படிச் செய்கிற மருத்துவர் மீது நடவடிக்கை எடுக்கலாம். நர்ஸான நீங்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஜெபக் கூட்டத்தில் அதே வேலையைச் செய்தால் மட்டும் அது குறைந்த காயமாகிவிடாது.

நேரடியாகவே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற வேறு சிலருக்காகவும். தன்பாலினத் துணையோடு வெளிப்படையாக வாழ்கிற ஒருவருக்கு இன்று சி.எஸ்.ஐ.யில் குருப்பட்டத்துக்கு வழி இல்லை. இருக்கிறது என்று நம்பவைத்து நாலு வருடம் படிக்கவைப்பது துரோகம். செங்கல்பட்டுப் பக்கம் வேறொரு திருச்சபையில் ஒரு திருநங்கை போதகராகப் பணியாற்றியதைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். அதுபோல அங்கொன்று இங்கொன்றாக வழிகள் திறக்கின்றன, ஆனால் அதை நம்பி ஒருவர் வேலையை விடுவதற்கு நான் ஆலோசனை சொல்ல மாட்டேன். உங்கள் நிலை அது இல்லை. உங்கள் தங்கைக்காக நீங்கள் குரல் கொடுப்பதால் சிலர் உங்களைப் பிடிக்காமல் போவார்கள், அதற்கு எந்த விதிப் புத்தகத்திலும் தண்டனை கிடையாது.

ஆகவே வெளிநாட்டுக்கு இப்போது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பிறகு எப்போதாவது ஒரு மேற்படிப்புக்கோ சில மாதப் பயிற்சிக்கோ போகலாம், அது வேறு. வேலூர்ப் பயிற்சிக்கு இந்த வருடமே கேளுங்கள். தங்கையிடமும் வீட்டுக்காரரிடமும் பேசுங்கள், இந்த வரிசையில்தான் என்றில்லை, ஆனால் இரண்டு பேச்சும் முடிந்த பிறகு உங்கள் ஆயரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கூட்டத்துக்கு நடுவில் கேட்காதீர்கள், வார நாளில் நேரம் கேட்டு வாங்குங்கள். உங்கள் அழைப்பைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதிக் கொண்டுபோங்கள். அதில் வேத வசனத்தைவிட வார்டில் நடந்த ஒரு இரவைப் பற்றி அதிகம் எழுதுங்கள். குருசேகரக் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் இதை வைக்கும்படி கேளுங்கள். கடிதத்தின் நகலில் ஆயரின் கையெழுத்தும் தேதியும் வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கமிட்டி மாறினால் அது தேவைப்படும்.